பிடி அரிசி, மகமை, பெருங்கொடை: ராதாபுரம் வட்டாரத்தில் வறுமை தாண்டிய வழிகள்

திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரத்துக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில், டோனாவூர் இருக்கிறது. அந்த ஊருக்கு ஒரு பிரஷ்யப் பிரபுவின் பெயர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸுக்கு டோனா பிரபு பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் 1827இல் நிலம் வாங்கி, குடியிருக்க இடமில்லாமல் நின்ற குடும்பங்களை அதில் அமர்த்தினார் ரேனியஸ். ஒற்றைப் பெருங்கொடையாளர், கடல் கடந்து வந்த பணம், ஊர் முழுக்கப் புதிய வாழ்க்கை: இன்றைய அறக்கட்டளை அறிக்கைகள் விரும்பிச் சொல்லும் கதையின் எல்லா அம்சங்களும் இதில் உண்டு.

மூன்று ஆண்டு கழித்து, 1830இல், அதே ரேனியஸ் இன்னொன்றைத் தொடங்கிவைத்தார். அதற்குத் தர்ம சங்கம் என்று பெயர். உபதேசிமாரும் சபை மக்களும் தங்கள் வருமானத்திலிருந்து கொடுத்த சிறு தொகைகளைச் சேர்த்து, மனையும் நிலமும் வாங்கி, மதம் மாறியதால் துரத்தப்பட்டவர்களைக் குடிவைப்பது அதன் வேலை. டோனா பிரபுவின் பெயர் வரைபடத்தில் நிலைத்துவிட்டது. தர்ம சங்கத்துக்குக் காசு கொடுத்தவர்களின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் வறுமையிலிருந்து எப்படி மேலேறின என்று ஆராயப் புகுந்தால், முதல் கதையைவிட இரண்டாவது கதையே அதிகம் கற்றுத்தருகிறது.

மனை ஏன் முதல் தேவையாக இருந்தது என்பதை விளங்கிக்கொள்ள இந்த மண்ணைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தாமிரபரணியும் நெல் வயலும். பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடல் சேரும் அந்த ஆறு ராதாபுரத்தை எட்டுவதில்லை. இங்கே இருப்பது நம்பியாறும் அனுமன் நதியும். மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் மணல். கிழக்கே போகப் போகச் சிவந்த தேரி மணல், பனை, உடைமரம். பேச்சிப்பாறைத் தண்ணீரைத் தோவாளைக் கால்வாய் வழியே கொண்டுவந்து இங்குள்ள குளங்களுக்கு விடும் ராதாபுரம் கால்வாய் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. அதிலும் கடைமடைக் குளத்துக்குத் தண்ணீர் வந்ததா என்பது ஆண்டுதோறும் கேட்கப்படும் கேள்வி. தாமிரபரணியின் வெள்ள உபரியைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகத் தேரிக்குக் கொண்டுவரும் இணைப்புக் கால்வாயோ பல ஆண்டு இழுபறிக்குப் பின்னரே முடிந்தது.

இப்படிப்பட்ட நிலத்தில் பனையேறிக் குடும்பத்தின் கணக்கு எப்படி இருந்தது? மாசிவாக்கில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை பதநீர். ஆண் காலையிலும் மாலையிலும் மரமேறுவார். பெண் பகல் முழுக்க அடுப்படியில் நின்று பதநீரைக் காய்ச்சுவாள். பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. மீதி மாதங்களில் வருமானம் இல்லை, வயிறு மட்டும் உண்டு. ஆகவே வியாபாரியிடம் முன்பணம். முன்பணம் வாங்கியவர் அடுத்த பருவத்துக் கருப்பட்டியை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். மரம் இன்னொருவருடையது, மனையும் இன்னொருவருடையது என்றால், மரத்துக்காரர் மனம் கோணினால் அன்றைக்கே வெளியேற வேண்டியதுதான். உழைப்பில் குறை இல்லை. உழைப்பின் பலன் கைக்கு வந்து சேரும் முன்பே போய்விடும்படியான ஏற்பாடு அது.

புதிய மதமான கிறிஸ்தவத்தில் சேர்ந்த குடும்பங்களுக்கு முதலில் பறிபோனது இந்த இரவல் மனைதான். 1799இல் சாத்தான்குளம் பக்கம் முதலூர் உருவானதும், பின்னால் நெடுவிளை மெஞ்ஞானபுரம் ஆனதும் இந்தப் பின்னணியில்தான். அந்த மதமாற்றங்களைப் பற்றி அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கலாம். பொருளாதாரக் கோணத்தில் பார்த்தால் நடந்தது ஒன்று: குடும்பத்தின் காலடி மண் அதன் கைக்கு வந்தது. சொந்த மனை கிடைத்த பிறகே, முன்பணம் வேண்டாம் என்று வியாபாரியிடம் சொல்லும் துணிவு வந்தது.

தொலைவிலிருந்து வரும் பெரும்பணத்தின் பலவீனமும் அதே ரேனியஸ் காலத்தில் வெளிப்பட்டது. 1835இல், ஆங்கிலிக்கன் சபை ஒழுங்கைக் குறித்து அவர் எழுதிய விமரிசனத்துக்காக மிஷன் சங்கம் அவரைப் பணிநீக்கம் செய்தது. பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரத்துச் சபைகள் இரண்டுபட்டன. தேரிக்காட்டுக் குடும்பங்களுக்கு அந்த இறையியல் சண்டையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பணத்தின் பிடி யார் கையில் இருந்ததோ அவர்களின் சச்சரவு இங்கே பள்ளிக்கூடங்களையும் உபதேசிமாரின் சம்பளத்தையும் உலுக்கியது.

இதே வட்டாரத்தின் இடையன்குடியில் 1841 முதல் அரை நூற்றாண்டு வாழ்ந்தவர் மிஷனரி கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் அவரை உலகம் அறியும். அவர் மனைவி எலைசாவை அந்த அளவுக்கு அறியாது. நாகர்கோவிலில் மிஷனரிகளான மால்ட் தம்பதியின் மகளாகப் பிறந்த எலைசா, தன் தாய் அங்கே தொடங்கிய லேஸ் பின்னலை இடையன்குடிப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். தலையணை மேல் ஊசி குத்திய காகித அச்சை விரித்து, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முடையும் வேலை. மழை பொய்த்தாலும், பனைப் பருவம் முடிந்தாலும், இந்த வேலை நிற்காது. காசு பெண்ணின் கைக்கே வரும். நாகர்கோவிலில் அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையையே வாங்கினார்கள். கொடையாளர்கள் நூலும் பயிற்சியும் சந்தையும் தந்தார்கள், விடுதலைக்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்களே. நல்ல கொடை எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

இன்னொரு மரபு இதே மண்ணிலிருந்து புறப்பட்டு வடக்கே போய் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேரிப் பகுதி நாடார்களில் ஒரு பிரிவினர் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரச் சீமைக்கு வியாபாரத்துக்குப் போனார்கள். வழியில் கொள்ளை பயம். ஆகவே வண்டிகள் தங்குவதற்குக் காவலுள்ள பேட்டைகளை அமைத்தார்கள். பேட்டையின் செலவுக்கு, வாங்கி விற்கும் சரக்கின் மேல் ஒரு சிறு பங்கு வசூலித்தார்கள். அதுதான் மகமை. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் அது உறவின்முறை எனும் ஊர்ச் சாதி அமைப்பின் பொது நிதியாக வளர்ந்ததை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட தன் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பின்னால் டென்னிஸ் டெம்பிள்மேனும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

மகமையின் அமைப்பை நின்று கவனிக்க வேண்டும். ஒருவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவர் தாராள மனத்தைப் பொறுத்ததன்று, அவர் வியாபாரத்தின் அளவைப் பொறுத்தது. பெரிய மண்டிக்காரர் தானாகவே கூடுதல் கொடுத்துவிடுவார். அதற்காக அவர் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டியதில்லை. வசூலையும் கணக்கையும் கவனிக்கும் முறைகாரர் பொறுப்பு ஒருவரிடமே தங்காமல் சுற்றி வந்தது. நடைமுறையில் பணக்காரரின் சொல்லுக்குக் கனம் கூடுதலாகத்தான் இருந்திருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று நான் கணக்குக் கேட்டால் நாளை என்னிடமும் கணக்குக் கேட்பார்கள் என்ற நிலை எல்லோருக்கும் பொது.

1880களில் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை எழுந்தது இந்த நிதியில். மகமை போதாதபோது பிடி அரிசி வந்தது. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள், பள்ளிக்காக அதை வீடு வீடாகச் சேகரிப்பார்கள். மண்டிக்காரரின் மகமையும் சிறு குடும்பத்தின் ஒரு பிடியும் ஒரே பள்ளியின் செலவில் கலந்தன. அந்தப் பள்ளியின் கதவு பிற சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராஜர்.

பின்னாளில் அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் அதுவும் ஊர் நன்கொடையில் நடந்த ஏற்பாடுதான். பிறகு செலவில் 60 விழுக்காட்டை அரசும் 40 விழுக்காட்டை ஊரும் ஏற்பதென்று அமைந்தது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி, மேசை நாற்காலி முதல் கட்டடம் வரை மக்களிடமிருந்தே திரட்டினார். பிடி அரிசியில் நடந்த பள்ளியிலிருந்து வந்த ஒருவர், அதே முறையை மாநிலம் முழுவதற்கும் விரித்தார் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த மரபில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இன்னோர் ஏற்பாடு, 1910இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கத்தின் கல்விக் கடன். மாணவனுக்குப் பணம் தானமாகப் போகவில்லை, கடனாகப் போனது. படித்து வேலைக்கு வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும், அது அடுத்த மாணவனுக்குப் போகும். வாங்கியவர் சில ஆண்டுகளில் கொடுப்பவர் ஆகிவிடுகிறார். 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, இதே சிந்தனை வியாபார வடிவம் எடுத்ததன் விளைவு.

இப்போது உலகத்தில் வேறு பெயரில் இதே முயற்சி நடக்கிறது. வசதியுள்ளவர்கள் பத்துப் பேரோ நூறு பேரோ கூடி, ஆளுக்கு ஒரே தொகை போட்டு, எங்கே கொடுப்பது என்று சேர்ந்து தீர்மானிக்கும் கொடையாளர் வட்டங்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் 2001இல் வெண்டி ஸ்டீல் தொடங்கிய வட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் தலைக்கு ஆயிரம் டாலர் போட்டார்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு. மும்பையைச் சேர்ந்த தஸ்ரா அமைப்பின் வட்டத்தில் பத்துப் பேர் ஆண்டுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகள் கொடுத்தால் 3 கோடி சேரும். ஏஞ்சலா ஐக்கன்பெர்ரி 2009இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வட்டங்களின் பலத்தையும் பலவீனத்தையும் ஆராய்ந்தார். உறுப்பினர்களுக்குள் சமத்துவமும் கற்றலும் வளர்கின்றன. ஆனால் எங்கே தேவை அதிகமோ அங்கே பணம் போகும் என்ற உறுதி இல்லை. உறுப்பினர்களின் மனத்துக்குப் பிடித்த இடத்துக்குத்தான் அது போகிறது.

குடும்பம் வறுமையிலிருந்து வெளியே வர என்ன தேவை என்பதற்கு இன்று வலுவான சான்று இருக்கிறது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய முறையில், ஊரிலேயே மிக ஏழைக் குடும்பத்துக்கு ஓர் உற்பத்திச் சொத்து, ஆடோ மாடோ, கொடுப்பார்கள். அது பலன் தரும்வரை வயிற்றுப்பாட்டுக்குச் சிறு உதவித்தொகை. பயிற்சி. சேமிப்புக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ஆண்டுபோல வாராவாரம் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஓர் ஊழியர். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இதைச் சோதித்த ஆய்வு 2015இல் சயன்ஸ் இதழில் வந்தது. உதவி நின்ற பிறகும் குடும்பங்களின் வருமானமும் உணவும் கூடியே இருந்தன. மேற்கு வங்கத்தில் பத்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் அழியவில்லை என்று அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உடன் ஆய்வாளரும் காட்டினார்கள். தவறிய இடமும் உண்டு. ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் நோயில் மடிந்தன. மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் பொருந்தாத சொத்தைக் கொடுத்தால் ஏழைக்குக் கிடைப்பது இன்னொரு நட்டம். ராதாபுரத்தில் கறவை மாட்டைக் கொடுத்துவிட்டுத் தீவனத்துக்கு எங்கே போவது என்று யோசிக்காத திட்டத்துக்கும் அதே கதிதான். வேலிக்கருவைக் காட்டில் மேயும் வெள்ளாடு, தையல் எந்திரம், கடற்கரையில் வலையும் படகு எஞ்சினும் என்று பொருந்தும் சொத்து வீட்டுக்கு வீடு வேறுபடும்.

அரசும் இந்தப் பாதைக்கு வந்திருக்கிறது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் 2019-21 தரவின்படி தமிழ்நாட்டின் விகிதம் 2.2 விழுக்காடு. எஞ்சியிருக்கும் மிக ஏழைக் குடும்பங்களில் 5 லட்சத்தை மீட்கப்போவதாக 2024 வரவு செலவுத் திட்டத்தில் தாயுமானவர் திட்டம் அறிவிக்கப்பட்டது. கேரளம் 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம் எழுதியது. வறுமை இவ்வளவு சிறுத்துவிட்ட நிலையில் எஞ்சி நிற்பவை தனியாளாக நிற்கும் விதவை, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவன், பள்ளியை விட்ட பிள்ளை உள்ள வீடுகள். அந்த வீடுகளை மாநில அளவிலான புள்ளிவிவரத்தில் காண முடியாது. தெருக்காரர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஊரோடு தொடர்பறாத கொடையாளர்கள் தேவை. ராதாபுரம் வட்டாரத்துக்கு அதில் குறைவே இல்லை. தண்ணீரில்லாத இந்த ஊர்களிலிருந்து தலைமுறைகளாக மக்கள் மும்பைக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். சென்னையின் மளிகைக் கடைகளில் எத்தனையோ கடைகளின் வேர் இந்தத் தேரியில். தாராவியில் ஆதி திராவிட மகாஜன சங்கம் வளர்ந்ததும் திருநெல்வேலிச் சீமை மக்களின் உழைப்பால். இவர்கள் ஊருக்குக் கொடுக்காதவர்களும் இல்லை. முத்தாரம்மன் கோயிலிலோ சுடலைமாடன் கோயிலிலோ கொடை விழா என்றால், தலைக்கட்டு வரி எவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்ததும் மும்பையிலுள்ள வரிதாரருக்கும் செய்தி போகும், பணம் வந்து சேரும். வரிக்கு மேல் வில்லுப்பாட்டுக்கு ஒருவர், அன்னதானத்துக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர் என்று உபயம் ஏற்பார்கள். கொடை முடிந்த பிறகு வரவு செலவு வாசிக்கப்படும். பூவுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று ஒன்று விடாமல் வரும். கணக்கு உதைத்தால் அன்றைக்குக் கோயில் முன்னால் பெரிய சத்தம் எழும்.

கடற்கரையிலும் இதே ஒழுங்கு உண்டு. கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் போராடிய ஆண்டுகளில், மீன்பாட்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் போராட்ட நிதிக்குக் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. ஆனால் அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீடுகள் மாதக்கணக்கில் பத்தில் ஒன்றை எடுத்துவைத்த கட்டுப்பாட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 

பணத்தைத் திரட்டவும் கணக்கு வைக்கவும் தெரிந்த இந்தச் சமூகம், குடும்பத்தை மேலேற்றும் வேலைக்கு அந்தத் திறனை ஏன் திருப்பவில்லை? இரண்டு தடைகள் எனக்குத் தெரிகின்றன.

ஒன்று மானம். கோயில் கணக்கை ஒலிபெருக்கியில் வாசிக்கலாம். இன்னார் வீட்டுக்கு இத்தனை ஆயிரம் கொடுத்தோம் என்று வாசிக்க முடியாது. வாசித்தால் அந்த வீட்டுப் பெண் மறுநாள் குழாயடிக்கு வரமாட்டாள். வாசிக்காவிட்டால் கொடுத்தவருக்குச் சந்தேகம் வரும். இந்தச் சிக்கலுக்கு மகமை மரபில் இரண்டு விடைகள் இருந்தன. பிடி அரிசியில், உதவி குடும்பத்தின் பெயரில் போகாமல் பள்ளியின் பெயரில் போனது, எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்தது. கல்விக் கடனில், வாங்கியவர் கடன்காரராக இருந்தாரே தவிர இரப்பவராக இல்லை. மகளிர் குழுக்கள் இன்று இதைத்தான் செய்கின்றன. ஆனால் தவணை கட்ட முடியாத வீட்டைக் குழுவே சேர்ப்பதில்லை. அந்த வீட்டுக்குத்தான் கொடையாளர் வட்டத்தின் பணம் போக வேண்டும்: முதல் இரண்டு ஆண்டுக்கு வட்டியும் தவணையும் இல்லாத தொகையாக, கந்துவட்டியை அடைத்து முன்பணப் பிடியிலிருந்து விடுவிக்கும் தொகையாக. பெயர்கள் ஊர்க்கூட்டத்தில் வர வேண்டியதில்லை. மொத்தத் தொகையும் தேறிய வீடுகளின் எண்ணிக்கையும் வந்தால் போதும்.

இரண்டாவது தடை இதைவிடக் கடினமானது. வரிதாரர் பட்டியல் சாதியால் வரையப்பட்டது. யாரிடம் கோயில் வரி வாங்குகிறார்களோ அவர்களுக்கே ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம். தலித் மக்கள் வாழும் காலனித் தெரு அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு வேறு கோயில், வேறு கொடை, வேறு சங்கம். நிலமற்ற மிக ஏழை வீடுகள் பலவும் இருப்பது அங்கே. தர்ம சங்கம் தன் சபையாரைப் பார்த்தது. உறவின்முறை தன் உறவினரைப் பார்த்தது. ஒடுக்கப்பட்டு நின்ற காலத்தில் அவர்கள் தங்களுக்குத் தாங்களே அரணாக நின்றார்கள் என்பது உண்மை, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இன்று கடைகளும் கல்லூரிகளும் வங்கியும் கைவசமுள்ள நிலையில் அதே எல்லைக்குள் நின்றால், டோனா பிரபுவுக்கு நாம் சொல்லும் பதில் என்ன? முன்பின் தெரியாத ஒரு நாட்டில், முன்பின் தெரியாத குடும்பங்களுக்கு மனை வாங்க அவர் பணம் அனுப்பினார்.

தேர்வு செய்யும் முறைக்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில், கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் அமைத்து, ஊர் மக்களே கூடி எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று வகைப்படுத்தினார்கள். அந்தப் பட்டியல் கிராம சபையின் ஒப்புதலுக்குப் போனது. குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலைக் கோயில் கமிட்டி எழுதவில்லை, கட்சிக்காரர் எழுதவில்லை, கொடையாளரும் எழுதவில்லை. மும்பையிலும் சென்னையிலும் உள்ள ராதாபுரத்துக்காரர்கள் ஒரு வட்டமாகச் சேர்வதானால், முதல் ஆண்டில் குடும்பங்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம் என்பேன். அந்த ஆண்டில் இரண்டு பெண் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, காலனித் தெருவையும் கடற்கரைக் குடியிருப்பையும் கோயில் தெருவையும் ஒரே வரைபடத்தில் எழுதி, எந்த வீட்டில் யாருக்குக் கடன், யாருக்கு நோய், எந்தப் பிள்ளை பள்ளியில் இல்லை என்று அவரவர் வாயாலேயே கேட்டுப் பதிய வேண்டும். தொகையைப் பற்றிய பேச்சை அந்த வரைபடத்தைக் கிராம சபை ஒப்புக்கொண்ட பிறகு தொடங்கலாம்.